சம்பளச் சீட்டில் ஒளிந்திருந்த 500 ரூபாய்!

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் திருப்பூர் பக்கத்தில் ஒரு தனி கலகலப்பு இருக்கும். ஏன் தெரியுமா? பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம். அந்தச் சம்பளம் கைக்கு வருகிற நாள் சனிக்கிழமை. பேக்கரியில் கூட்டம், காய்கறிச் சந்தையில் கூட்டம், பஸ்ஸிலும் கூட்டம்!

அப்படி ஒரு சனிக்கிழமை. முதலிபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரை ஒட்டிய ஊர் இது. இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் பனியன் கம்பெனிகள் இருக்கின்றன. பின்னலாடைத் தொழிலுக்கு ஆட்களைத் தயார் செய்ய 1997-ல் தொடங்கப்பட்ட நிப்ட்-டீ கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. நம் கதையில் வரும் அம்மா, பக்கத்தில் ஒரு கம்பெனியில் டெய்லர். மகள் எட்டாம் வகுப்பு.

அம்மாவுக்குப் பீஸ் ரேட். அதாவது எத்தனை பீஸ் தைக்கிறாரோ, அத்தனைக்குக் கூலி. ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குக் கை வைத்துத் தைத்தால் ஒரு பீஸுக்கு 3 ரூபாய். பேட்லாக் மெஷினில் கீழ்ப்பக்கத்தை மடித்து அடித்தால் ஒரு பீஸுக்கு 2 ரூபாய். (நிஜ ரேட் இப்படி முழு ரூபாயாக இருக்காது. பைசாவில் இழுக்கும். நமக்குக் கணக்கு சுலபமாக இருக்கட்டுமே!)

கம்பெனி கொடுத்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 400, 900, மொத்தம் ரூ.3000.

"பாத்துச் சொல்லு சாமி, சரியா இருக்கான்னு. இந்த வாரம் இன்னும் கொஞ்சம் சேத்தி வரும்னு நெனச்சேன்" என்கிறார் அம்மா.

மகள் பென்சிலை எடுத்தாள். மூன்று நானூறு 1200. இரண்டு தொள்ளாயிரம் 1800. இரண்டையும் கூட்டினால் 3000.

"சரியாத்தாம்மா இருக்குது!"

பெருக்கல் சரி, கூட்டலும் சரி. ஆனால் அம்மாவுக்கு வரவேண்டிய பணத்தில் 500 ரூபாய் குறைகிறது. எப்படி?

ஜோடியும் சமன்பாடும்

அந்த மகள் செய்த வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. ஒரு வரிசைச் சோடி ஒரு நேரிய சமன்பாட்டை நிறைவு செய்கிறதா என்று சோதிப்பது. பெயரைக் கேட்டதும் ஓடிவிடாதீர்கள். பெயர்தான் பெரிசு, வேலை சின்னது!

பாடப் புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று எழுதுவார்கள். நாம் கை வைத்த பீஸ்களுக்கு 'க' என்றும், மடித்து அடித்த பீஸ்களுக்கு 'ம' என்றும் வைத்துக்கொள்வோம். அம்மாவின் மொத்தக் கூலி 3000 ரூபாய் என்றால்,

3க + 2ம = 3000

இதுதான் சமன்பாடு. இதில் க-வும் ம-வும் ஒன்றோடொன்று பெருக்கப்படவில்லை. க-வைக் க-வாலேயே பெருக்குவதும் இல்லை. அதனால் இது நேரிய சமன்பாடு. அந்த 'நேர்' எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வரிசைச் சோடி என்பது இரண்டு எண்களை அடைப்புக்குறிக்குள் எழுதுவது. (400, 900) என்பது ஒரு சோடி. முதலில் இருப்பது க, அடுத்து இருப்பது ம. சோதிக்க என்ன செய்ய வேண்டும்? க இருக்கும் இடத்தில் 400, ம இருக்கும் இடத்தில் 900. இப்படி எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடுவதைப் பிரதியிடுதல் என்பார்கள். இடது பக்கம் என்ன வருகிறது, வலது பக்கம் என்ன இருக்கிறது? இரண்டும் ஒன்றென்றால் சோடி பாஸ். இல்லையென்றால் பெயில். அரை மார்க், கருணை மார்க் எதுவும் கிடையாது!

(600, 600) போட்டுப் பாருங்கள். 1800-ம் 1200-ம் சேர்ந்து 3000. பாஸ். (500, 700)? 1500-ம் 1400-ம் சேர்ந்து 2900. நூறு ரூபாய் இடிக்கிறது. பெயில்.

இப்போது அம்மா தன் சின்ன நோட்டை எடுக்கிறார். தினமும் எத்தனை பீஸ் தைத்தோம் என்று அதில் எழுதிவைப்பது வழக்கம். அதில் வாரக் கடைசியில் கூட்டி எழுதியிருக்கிறது: கை 900, மடிப்பு 400.

அதே எண்கள்! ஆனால் இடம் மாறியிருக்கின்றன. மகள் மறுபடியும் பென்சிலை எடுத்தாள். மூன்று தொள்ளாயிரம் 2700. இரண்டு நானூறு 800. மொத்தம் 3500!

(400, 900) சமன்பாட்டை நிறைவு செய்கிறது. (900, 400) நிறைவு செய்யவில்லை. 'வரிசை' என்ற சொல் அந்தப் பெயரில் ஏன் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? செருப்பு ஜோடியில்கூட இடதை வலது காலில் மாட்டினால் ஒரு மாதிரி நடந்துவிடலாம். வரிசைச் சோடியில் மாற்றி மாட்டினால் 500 ரூபாய் போய்விடும்.

சீட்டு எழுதியவர் கையை மடிப்பிலும், மடிப்பைக் கையிலும் போட்டுவிட்டார். வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்பதில்லை. நூற்றுக்கணக்கான சீட்டு எழுதுகிறவருக்குக் கட்டம் மாறுவது சாதாரணம்.

ஒன்றைக் கவனியுங்கள். நோட்டு சரியா, சீட்டு சரியா என்று சமன்பாடு சொல்லவில்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் சொல்லியது. யார் சொல்வது உண்மை என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கடைசியில் பார்ப்போம்.

ஒரே கோட்டில் நிற்கும் புள்ளிகள்

3000 ரூபாய் வருவதற்கு ஒரே ஒரு சோடிதான் உண்டா? இல்லையே! (600, 600), (400, 900) இரண்டும் பாஸ் ஆகிவிட்டன. (1000, 0) பாருங்கள், அதுவும் பாஸ். வாரம் முழுக்கக் கை மட்டும் வைத்தால் அப்படி. (0, 1500)-ம் பாஸ்தான்.

ஒரு கிராப் தாள் எடுங்கள். படுக்கைக் கோட்டில் க, நிற்கிற கோட்டில் ம. பாஸ் ஆன சோடிகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வையுங்கள். அடுத்து ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில்! நேரிய சமன்பாடு என்ற பெயருக்குக் காரணம் இந்தக் கோடுதான்.

இப்போது (900, 400)-க்குப் புள்ளி வையுங்கள். கோட்டுக்கு வெளியே, மேலே தள்ளி நிற்கும். (500, 700) கோட்டுக்குக் கீழே, ஒட்டினாற்போல் நிற்கும். கோட்டுக்கு மேலே என்றால் 3000-க்கு அதிகமான கூலி. கீழே என்றால் குறைவான கூலி. பெருக்கிப் பார்க்காமலே கண்ணால் சொல்லிவிடலாம்.

எண்களின் சோடியைப் புள்ளியாகவும், சமன்பாட்டைக் கோடாகவும் பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டின் ரெனே டெகார்ட். இதுபற்றிய அவருடைய நூல் 1637-ல் வெளிவந்தது. படுக்கையில் கிடந்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

வட்டமாக ஒரு துண்டு

கூலிச் சீட்டோடு இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. துணி கம்பெனிக்குள் வந்து இறங்கியதுமே இன்னொரு சோடிச் சோதனை நடக்கிறது.

பனியன் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதுதான் அது. 180 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். அதற்காக ரோலைப் பிரித்து ஒரு சதுர மீட்டர் வெட்டினால் துணி வீணாகுமே? அதனால் ஒரு சின்ன வட்டக் கருவி வைத்திருக்கிறார்கள். துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால், வட்டமாக ஒரு துண்டு வெட்டுப்படும். குறுக்கே சுமார் 11.3 சென்டிமீட்டர். அதன் பரப்பு சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வரும்படி செய்திருக்கிறார்கள்.

ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். ஆகவே துண்டின் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். துண்டின் எடை 'து' கிராம், ஜி.எஸ்.எம். 'ஜி' என்றால்,

ஜி = 100து

பில்லில் 180 என்று இருக்கிறது. துண்டை எடைபோட்டால் 2 கிராம். சோடி (2, 180). வலது பக்கம் 200 வருகிறது, இடது பக்கம் 180. பெயில்! துணி சொன்னதைவிடக் கனமாக இருக்கிறது.

"கனமாக இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். பனியன் துணியைக் கிலோ கணக்கில் வாங்குவார்கள். 180 ஜி.எஸ்.எம். துணி 100 கிலோ வாங்கினால் சுமார் 555 சதுர மீட்டர் கிடைக்கும். 200 என்றால் 500 சதுர மீட்டர்தான். ஒரு பனியனுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தால்கூட 55 பனியன் குறைந்துபோகும். ஆயிரம் பனியன் ஆர்டர் எடுத்தவர் பாதியில் துணி இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

இங்கே பாடப் புத்தகத்துக்கும் பனியன் கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. துண்டு 1.79 கிராம் இருந்தால்? கணக்கு வாத்தியார் பெயில் போடுவார், ஏனென்றால் 179 என்பது 180 ஆகாது. கம்பெனியில் பாஸ் போட்டுவிடுவார்கள். துணி ரோல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, எடை மெஷினும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். அதனால் பொதுவாக நூற்றுக்கு ஐந்து வரை விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் கூலியில் அந்தச் சலுகை கூடாது. பீஸ் என்பது எண்ணுவது, அளப்பது அல்ல. எண்ணுகிற இடத்தில் சமன்பாடு கறாராகவே இருக்க வேண்டும்.

பாஸ் ஆன பெட்டிக்குள் பிழை!

அடுத்தது பேக்கிங். பனியனை மடித்து, கவரில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியோடு போகிற பட்டியலில் எத்தனை பீஸ், எவ்வளவு எடை என்று எழுதியிருக்கும். ஒட்டிய பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே எண்ணிக்கை சரியா என்று பார்க்க எடை உதவும்.

ஒரு பனியன் கவரோடு 150 கிராம், காலிப் பெட்டி 1000 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பீஸ் எண்ணிக்கை 'ப', மொத்த எடை 'எ' என்றால்,

எ = 150ப + 1000

40 பீஸ் இருந்தால் 6000-ம் 1000-ம் சேர்ந்து 7000 கிராம். பெட்டியின் மேல் 40 என்று எழுதியிருக்கிறது, எடை மெஷின் 6850 காட்டுகிறது. (40, 6850) பெயில். (39, 6850) போட்டால் பாஸ்! அப்படியானால் உள்ளே 39 தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்து எண்ணியே ஆக வேண்டும். கப்பலேறி வெளிநாடு போய்ச் சேர்ந்தபிறகு ஒன்று குறைகிறது என்று தெரிந்தால், வாங்கியவர் அடுத்த முறை யோசிப்பார்.

சரி, எடை 7000 காட்டினால் கவலையே வேண்டாமா? கொஞ்சம் பொறுங்கள்.

பெட்டியில் 40 மீடியம் சைஸ் இருக்க வேண்டும். தவறுதலாக இரண்டு மீடியத்துக்குப் பதில் ஒரு ஸ்மாலும் ஒரு லார்ஜும் போட்டுவிட்டார்கள். ஸ்மால் 135 கிராம், லார்ஜ் 165 கிராம். இரண்டும் சேர்ந்து 300. இரண்டு மீடியமும் 300 தான்! மொத்த எடை அதே 7000. (40, 7000) சமன்பாட்டை அழகாக நிறைவு செய்கிறது. ஆனால் பெட்டி தப்பு!

சோடி பெயில் ஆனால் எங்கோ தப்பு இருப்பது நிச்சயம். பாஸ் ஆனால் 'இந்த எண்கள் இந்த விதியோடு ஒத்துப்போகின்றன' என்று மட்டுமே பொருள். அந்த எண்கள் உண்மையா என்பது வேறு கேள்வி. அம்மாவின் சீட்டு பாஸ் ஆனதும் இப்படித்தான்.

அரை பனியன் உண்டா?

கூலிச் சமன்பாட்டுக்கே திரும்புவோம். (333, 1000.5) போட்டுப் பாருங்கள். 999-ம் 2001-ம் சேர்ந்து 3000. பாஸ்! ஆனால் அரை பனியனை யார் மடித்து அடிப்பார்கள்? கிராப் தாளில் அந்தப் புள்ளி கோட்டின் மேலேயே இருக்கும். தையல் கணக்கில் அதற்கு இடமில்லை. முழு எண்கள் மட்டும்தான் வேண்டும்.

இப்படி முழு எண் விடைகளைத் தேடுவதில் நம் நாட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஆர்யபட்டர் கி.பி. 499-ல் எழுதிய 'ஆர்யபட்டீயம்' நூலில் அதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். அதற்குக் 'குட்டகம்' என்று பெயர். இடித்துப் பொடியாக்குவது என்று அர்த்தம். பெரிய எண்களை வகுத்து வகுத்துச் சின்ன எண்களாக்கி விடை காணும் முறை அது. அவர் இரண்டே பாட்டில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புரிந்துகொள்வது கஷ்டம். 629-ல் முதலாம் பாஸ்கரர் எழுதிய உரையில்தான் அது விளக்கமாக இருக்கிறது. கோள்கள் எப்போது எங்கே இருக்கும் என்று கணக்கிட வானவியலாளர்களுக்கு இது தேவைப்பட்டது.

நம் சமன்பாட்டுக்கு அவ்வளவு பெரிய உலக்கை வேண்டாம். 2ம எப்போதும் இரட்டைப்படை. 3000-ம் இரட்டைப்படை. அப்படியென்றால் 3க-வும் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே க இரட்டைப்படை. 0, 2, 4 என்று 1000 வரை போகலாம். மொத்தம் 501 சோடிகள். க இரண்டு கூடும்போதெல்லாம் ம மூன்று குறையும். ஏன் என்று நீங்களே யோசியுங்கள். இரண்டு கை வைத்தால் எத்தனை ரூபாய், மூன்று மடிப்பு அடித்தால் எத்தனை ரூபாய்?

இதில் ஒரு நல்ல தந்திரமும் கிடைத்துவிட்டது. யாராவது (401, 899) என்று சீட்டு எழுதி 3000 என்று போட்டால், பென்சிலே வேண்டாம். 401 ஒற்றைப்படை, அதனால் பெயில்!

சாட்சி டப்பா

அம்மாவின் 500 ரூபாய் என்ன ஆனது? சொல்கிறேன்.

தைக்க வரும் துணி கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டுடனும் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். நம் அம்மா கெட்டிக்காரர். தைத்து முடித்த கட்டுகளின் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார். ஒரு கட்டுக்கு 20 பீஸ். மகள் தரையில் கொட்டிப் பிரித்தாள். கை வைத்த சீட்டு 45, மடித்து அடித்த சீட்டு 20. நாற்பத்தைந்து இருபது 900. இருபது இருபது 400. அம்மாவின் நோட்டுதான் சரி!

திங்கட்கிழமை காலையில் அம்மா டப்பாவோடு போனார். "ஏனுங்கண்ணா, கையும் மடிப்பும் மாறிப் போச்சுங்க. இந்தச் சீட்டெல்லாம் கொஞ்சம் எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணிப் பார்த்தார்கள். பாக்கி 500 ரூபாய் அன்றைக்கே வந்தது. அடுத்த வாரச் சீட்டில் எண்களுக்கு மேலே 'கை', 'மடிப்பு' என்று எழுதியிருந்தார்களாம்.

உங்களுக்கு ஒரு டீக்கடைக் கணக்கு

கம்பெனி வாசலில் டீக்கடை. ஒரு டீ 12 ரூபாய், ஒரு வடை 10 ரூபாய். கையில் இருக்கும் 100 ரூபாயை மிச்சமில்லாமல் செலவழிக்க வேண்டும். டீக்கு 'டீ', வடைக்கு 'வ'. சமன்பாடு 12டீ + 10வ = 100. கீழே உள்ள சோடிகளில் எவை பாஸ்? அவற்றில் எவற்றைக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார்?

(5, 4), (4, 5), (0, 10), (2.5, 7), (10, –2)

விடை: (4, 5) மட்டும் பெயில், 98 ரூபாய்தான் வரும். மற்ற நான்கும் பாஸ். ஆனால் (2.5, 7) என்றால் இரண்டரை டீ கேட்க வேண்டும். (10, –2) என்றால் பத்து டீ குடித்துவிட்டு, வீட்டிலிருந்து இரண்டு வடை கொண்டுபோய்க் கடைக்காரரிடம் விற்க வேண்டும்! ஆகவே கடையில் செல்லுபடியாவது (5, 4), (0, 10) இரண்டு மட்டுமே. இவற்றைத் தவிர இன்னொரு சோடியும் கிடையாது. சந்தேகமாக இருந்தால் டீயை 0 முதல் 8 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.